வாடிய லாவெண்டருக்குத் தண்ணீர் ஊற்றுமுன்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

என் முதல் லாவெண்டரைக் கொன்றது வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை. என் கையில் இருந்த பூவாளிதான். ஒரு மத்தியானம் நுனியெல்லாம் தொங்கி நின்றது. தாகம் போலும் என்று ஊற்றினேன். மறுநாள் காலை இன்னும் தொங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பத்தாம் நாள் தண்டைப் பிடித்து இழுத்தால் எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருவினேன். மேல்தோல் உறை மாதிரிக் கழன்று வந்தது, உள்ளே பழுப்பு நூல் மட்டும் மிஞ்சியது. தேங்கிய குட்டையின் நாற்றம் வேறு.

லாவெண்டர் இலையில் நாம் பார்ப்பது எப்போதும் பழைய செய்தி. வேருக்கு நேர்ந்தது இலைக்கு வந்து சேர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகிவிடும். அதனால்தான் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள் என்றே ஆரம்பிக்கிறேன். சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுமுன்னும் மூன்று கேள்வி

மண் எப்படி இருக்கிறது? மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு இறக்குங்கள். தொட்டியானால் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்ததும் ஒரு தடவை, முழுக்கக் காய்ந்ததும் ஒரு தடவை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஈரம் காட்டும் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது எந்த லாவெண்டர்? விற்கும்போது வெறுமனே 'லாவெண்டர்' என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இலை ஒல்லியாக, ஓரம் வழுவழுப்பாக, சாம்பல் பச்சையாக இருந்து பூங்கதிர் குட்டையாக இருந்தால் அது அங்குஸ்டிஃபோலியா. 'இங்கிலீஷ் லாவெண்டர்' என்று பெயர் வாங்கிவிட்டாலும் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரத்து மலைகள்தான். இலை அதைவிட அகலமாக, கதிர்க்காம்பு நீளமாக இருந்து, அந்தக் காம்பிலேயே பக்கக் கதிர்களும் முளைத்தால் இன்டர்மீடியா, அதாவது லாவண்டின் என்ற கலப்பினம். கதிரின் உச்சியில் முயல் காது போல இரண்டு மூன்று இதழ்கள் விறைத்து நின்றால் ஸ்டீகஸ். இலையோரம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருந்தால் டென்டாட்டா. இலை பெரணி மாதிரி பிளந்து பிளந்து இருந்தால் முல்டிஃபிடா அல்லது பின்னாட்டா.

மூன்றாவது கேள்வி: உங்கள் ஊரில் மழையும் வெக்கையும் ஒரே சமயத்தில் வருமா? லாவெண்டர் பிறந்த இடத்தில் மழை குளிர்காலத்தில் வரும், கோடை காய்ந்து கிடக்கும். குளிரில் பெய்யும் மழையும் சுண்ணாம்புக்கல் சரிவில் நிற்காமல் ஓடிவிடும். சூடும் ஈரமும் கைகோத்து வரும் ஊரில் இந்தச் செடிக்கு எப்போதும் கொஞ்சம் மூச்சுத் திணறும். அது உங்கள் கைராசிக் குறை இல்லை.

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடி நிற்கிறது

வருகிற கேள்விகளில் பத்துக்கு ஏழு இதுவாகத்தான் இருக்கும். மண்ணுக்குள் காற்று இல்லாமல் வேர் மூச்சடைத்துச் சாகிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாததால் மேலே இலை தொங்குகிறது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாவது என்பது இதுதான்.

பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கிளைதான் முதலில் சாம்பல் மங்கி வாடும், பிறகு பக்கத்துக் கிளை, பிறகு முழுச் செடி. அப்படி ஒருபக்கமாக வந்தால் ஃபைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோயைச் சந்தேகியுங்கள். தூரில், மண்ணை ஒட்டிய இடத்தில், விரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. தூர் முழுக்கச் சுற்றிப் பழுப்பாகிவிட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை.

இந்த ஃபைட்டோப்தோரா பார்க்கப் பூஞ்சை மாதிரி நடந்துகொண்டாலும் அசல் பூஞ்சை கிடையாது. பாசிகளுக்குத் தூரத்து உறவு. சாதாரணப் பூஞ்சைக்கொல்லிகள் பலவும் இதனிடம் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். இதன் வித்துகள் மண் ஈரத்தில் நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். அதனால் மருந்து தேடி அலைவதைவிடத் தண்ணீரைக் குறைப்பதே நல்ல மருந்து.

தொட்டிச் செடியானால் இன்றே கவிழ்த்து வெளியே எடுங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருக்கும் வேர் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. குழகுழத்த வேர்களை வெட்டிவிட்டு, வேர்ப்பந்து அளவுக்கு மட்டும் இருக்கும் சின்ன மண்தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கலவையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல்), பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது கழுவிய குறுஞ்சரளை இருக்கட்டும். நான்கைந்து நாள் கடும் வெயில் படாமல், ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். உரம் கூடாது. நோயாளிக்கு விருந்து வைப்பது போல ஆகிவிடும்.

பழைய மண்ணை இன்னொரு லாவெண்டருக்கோ ரோஸ்மேரிக்கோ போடாதீர்கள். தொட்டியை மீண்டும் பயன்படுத்துவதானால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நானும் செய்தவன்தான். ஆனால் மேலே இருக்கும் நுண்ணிய கலவை முழுக்க நனைந்து ததும்பும்வரை தண்ணீர் கீழே உள்ள கல்லுக்குள் இறங்காது. ஆக, அந்தத் ததும்பும் ஈரம் தொட்டியின் அடியில் நிற்பதற்குப் பதிலாகக் கல்லின் மேலே, வேருக்கு இன்னும் கிட்டே வந்து நிற்கிறது. கல்லைக் கலவை முழுக்கக் கலந்துவிடுங்கள். ஓட்டையை மூட ஒரு ஓட்டுச்சில்லு போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

நிலத்தில் நட்டதானால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த இடம் லாவெண்டருக்கு ஆகாது. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கிளறிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். செங்கல் பிடிக்கிற பதத்துக்குப் போய்விடும். 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, அதன் முதுகில் நடுங்கள். நடும்போது தூர் சுற்றியிருக்கும் மண் மட்டத்தைவிடத் துளி மேலே நிற்கட்டும்.

மண் காய்ந்திருக்கிறது, செடியும் வாடுகிறது

'வறட்சி தாங்கும் செடி' என்ற வாசகம் நிறைய நாற்றுகளைக் கொன்றிருக்கிறது. வறட்சி தாங்குவது வேர் ஊன்றிய பிறகு. நட்ட முதல் வருடம் அது குழந்தை. நட்டதும் நன்றாக ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு முதல் இரண்டு மாதம் மேல்மண் காயக் காய ஒரு தண்ணீர். அதற்குப் பிறகுதான் நெல்வயலுக்குச் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கும் பொருந்தும்: நன்றாகக் காய விட்டு, ஊற்றும்போது அடிவரை நனையும்படி ஊற்றுவது. தினம் ஒரு குவளை தெளிப்பதுதான் மிக மோசமான முறை. மேலே எப்போதும் நசநசப்பு, அடியில் எப்போதும் வறட்சி.

ஊற்றிய தண்ணீர் அடுத்த நொடியே ஓட்டை வழியாக வெளியே கொட்டுகிறதா? வேகமாக வடிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். பீட் (சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கும் மட்கிய பாசி) கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரைத் தள்ளிவிடும். தொட்டியின் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே கீற்றாக ஒரு இடைவெளி விழுந்திருக்கும், அதன் வழியாக எல்லாம் ஓடிவிடும், வேர்ப்பந்து நடுவில் பொடியாகவே கிடக்கும். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, முழுக்க வடிய விட்டு, பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.

உச்சி வெயிலில் மட்டும் தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொண்டால் எதுவும் செய்ய வேண்டாம். வேடிக்கை பாருங்கள்.

வாங்கி வந்து ஒரு மாதத்தில் போய்விடுகிறது

நாற்றை வாங்கியதும் வேர்ப்பந்தைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் விரல் பருமனில் பீட் கட்டியும் அதைச் சுற்றிச் சல்லடைத் துணி உறையும் இருப்பது வழக்கம். அந்தக் கட்டி சுற்றியுள்ள மண்ணைவிட நெடுநேரம் ஈரம் பிடித்து, சரியாகத் தூருக்கு அடியிலேயே பஞ்சுபோல நிற்கும். உறையைக் கத்தரித்து எடுத்து, கட்டியை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். பசுமைக்குடிலிலிருந்து நேரே வந்த செடியை முதல் நாளே முழு வெயிலில் வைக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

அடியிலும் உள்பக்கத்திலும் உள்ள பழைய இலைகள் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் மேலே சொன்ன வேர்ப் பிரச்சினைதான், தொடக்க நிலையில் இருக்கிறது. இங்கே பிடித்தால் காப்பாற்றிவிடலாம். உள்பக்கத்தில் வெளிச்சம் படாத நாலைந்து இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் அது இயல்பு.

நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. அங்குஸ்டிஃபோலியா சுண்ணாம்பு மண்ணிலேயே வளர்ந்தது. கார அமில அளவு (pH) 6.5 முதல் 8 வரை அதற்குச் சுகம். ஸ்டீகஸ் அப்படி இல்லை, சற்றே புளித்த, அதாவது அமிலம் கொண்ட மண்தான் அதற்குப் பிடிக்கும். 'லாவெண்டருக்குச் சுண்ணாம்பு போடு' என்று எங்கோ படித்துவிட்டு ஸ்டீகஸுக்குப் போட்டால் இந்த மஞ்சள் நிச்சயம் வரும். உப்புத்தண்ணீர், கடினத்தண்ணீர் ஊற்றினாலும் அப்படியே. இதற்கு இரும்புக் கீலேட் (வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச்சத்து) பலன் தரும், ஆனால் மண்ணையும் தண்ணீரையும் மாற்றாமல் அதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது. சுண்ணாம்பு போடுவதானால் மண்ணைப் பரிசோதித்த பிறகு போடுங்கள்.

எலுமிச்சை மஞ்சளில் திட்டுத் திட்டாகக் கோலம் போட்டது போல இருந்து இலை கொஞ்சம் முறுகியும் இருந்தால் அது குதிரைமசால் தேமல் வைரஸாக இருக்கலாம். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பரப்பும், வெட்டும் கத்தரியும் பரப்பும். மருந்து கிடையாது. பார்க்க அழகாகக்கூட இருக்கும், சிலர் புது ரகம் என்று நினைத்துக் கிளை ஒடித்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பிடுங்கி எறியுங்கள், கத்தரியை மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

உள்பக்கம் கருத்து, இலை பிசுபிசுத்து, சாம்பல் பூத்தாற்போல

ஈரக்காற்று ஊர்களின் நோய் இது. லாவெண்டர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பூனை முடி போன்ற மென்மயிர் தெரியும். வறண்ட காற்றில் செடியின் ஈரம் போகாமல் காப்பதற்காக ஏற்பட்ட போர்வை அது. மழையும் புழுக்கமும் உள்ள ஊரில் அதே போர்வை நனைந்து காயாமல் கிடக்கிறது, அடர்ந்த புதரின் நடுவில் சாம்பல் பூஞ்சை குடியேறிவிடுகிறது.

கருத்த கிளைகளை அடியோடு வெட்டி எடுத்து, புதருக்குள் காற்று புகும்படி நடுவைக் கொஞ்சம் மெலியச் செய்யுங்கள். மழை நாளில் வெட்டாதீர்கள், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் காய்ந்திருக்கும் சமயம் பாருங்கள். செடிக்குச் செடி அங்குஸ்டிஃபோலியாவுக்கு 45 முதல் 60 செ.மீ., இன்டர்மீடியாவுக்கு 90 செ.மீ. இடைவெளி என்பது உலர்ந்த ஊருக்கான கணக்கு. ஈர ஊரில் இன்னும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். தூரைச் சுற்றி இலைச்சருகோ, மட்கோ, மரச்சீவலோ மூடாக்காகப் போடவே கூடாது. மற்ற செடிகளுக்கு வரப்பிரசாதம், இதற்குக் கழுத்தில் ஈரத்துணி. வெளிர்நிறச் சரளையை இரண்டு மூன்று செ.மீ. பரப்புங்கள். தெறிக்கும் மண் இலையில் படாது, தூர் காய்ந்திருக்கும், கல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அடியிலைக்கும் போகும். தண்ணீர் எப்போதும் காலையில், மண்ணுக்கு மட்டும். தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: அடைமழை மாதங்களில் கூரை விளிம்புக்கு அடியில் தள்ளி வைத்துவிடலாம்.

நாலைந்து செடி இப்படிப் போன பிறகு நான் எடுத்த முடிவு ரகத்தை மாற்றுவது. இரவிலும் புழுங்கும் ஊரில் அங்குஸ்டிஃபோலியாவோடு மல்லுக்கட்டாதீர்கள். டென்டாட்டா, பின்னாட்டா, டென்டாட்டாவின் கலப்பினமான குட்வின் கிரீக் கிரே, லாவண்டினில் ஃபெனாமினல் ஆகியவை இந்தக் காற்றை எவ்வளவோ நன்றாகத் தாங்கும். பின்னாட்டாவின் இலையில், துணிப்பெட்டியில் போட்டு வைக்கும் லாவெண்டரின் மணம் வராது, மூலிகை நெடிதான் வரும். அதையும் சொல்லிவிட வேண்டும். அங்குஸ்டிஃபோலியாதான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால், பனிக்காலப் பூச்செடி போல ஒரு பருவத்துக்கு வளர்த்து, ரசித்து, மழை பிடித்ததும் விடைகொடுத்துவிடுங்கள்.

இலை நன்றாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

வெயிலை முதலில் எண்ணுங்கள். நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும், 8 என்றால் நல்லது. ஜன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் செடிக்கு அது நிழல்தான். வீட்டுக்குள் லாவெண்டர் நீண்டு மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் காரணமும் அதுவே.

அடுத்தது உரம். கரும்பச்சையாக, கொழுகொழுவென்று, தளதளத்து இருந்தால் சந்தேகம் வேண்டாம்: தழைச்சத்து கூடிவிட்டது. வளரும் பருவத்தின் ஆரம்பத்தில் ஒரு கைப்பிடி மட்கு, அதுவும் தொட்டிச் செடிக்கு. நிலத்தில் உள்ளதற்கு அதுவும் வேண்டாம். கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூக்கும் ஜாதி இது.

இரண்டும் சரியாக இருந்து, செடிக்கு இரண்டு வயதும் ஆகி, இன்னும் பூக்கவில்லை என்றால் குளிரைப் பற்றிப் பேச வேண்டும். அங்குஸ்டிஃபோலியாவின் பூமொட்டு சரியாகத் தூண்டப்பட வேண்டுமானால் பல வாரங்கள் நல்ல குளிர் பட வேண்டும், அதற்குப் பிறகு பகல் நீள வேண்டும். இரண்டும் வராத வெப்ப ஊர்களில் அது வருடக்கணக்கில் இலையாகவே நிற்கும், ஆரோக்கியமாகவும் நிற்கும். மேலும் உரம் போட்டு, மேலும் தண்ணீர் விட்டு நாம் அதைக் கெடுத்துவைப்போம். குளிர் கேட்காத டென்டாட்டாவும் முல்டிஃபிடாவும் பின்னாட்டாவும் மிதமான ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். விதையிலிருந்து முதல் வருடமே பூக்கும்படி தேர்ந்தெடுத்த 'லேடி' போன்ற அங்குஸ்டிஃபோலியா ரகங்களையும் முயலலாம்.

கடைசிச் சந்தேகம் உங்கள் கத்தரி. அங்குஸ்டிஃபோலியாவும் இன்டர்மீடியாவும் அந்தப் பருவத்தில் வரும் புதுத் துளிரின் நுனியில்தான் கதிர்விடும். வசந்தத்தில் துளிர் எழும்பிய பிறகு அழகுக்காகக் கத்தரித்தால் அந்த வருடத்துப் பூவையும் சேர்த்தே கத்தரிக்கிறீர்கள்.

அடி கட்டையாகி, நடு பிளந்து கிடக்கிறது

கவாத்து செய்யாமல் விட்ட செடி. பூ முடிந்ததும் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும், வருடா வருடம், முதல் வருடத்திலிருந்தே. பூக்காம்பை மட்டும் கிள்ளுவது போதாது. இலையுள்ள பகுதிக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். ஆனால் இலையே இல்லாத பழங்கட்டைக்குள் இறங்கக் கூடாது. ரோஜா மொட்டைக் கட்டையிலிருந்தும் மீண்டும் துளிர்க்கும், லாவெண்டர் அப்படித் துளிர்ப்பது அபூர்வம்.

வெட்டுமுன் குனிந்து கிளையைப் பாருங்கள். பழுப்புக் கட்டை முடிந்து சாம்பல் பச்சை தொடங்கும் இடத்தில் கடுகளவு துளிர் மொட்டுகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். அந்த ஜோடிகளில் இரண்டு மூன்றையாவது மிச்சம் வைத்து அதற்கு மேலே வெட்டுங்கள். முடித்த பிறகு செடி முள்ளெலி சுருண்டதுபோல உருண்டையாக, பச்சையாகத் தெரிய வேண்டும். நடுவில் கட்டை எட்டிப் பார்த்தால் ஆழமாகப் போய்விட்டீர்கள்.

ஏற்கெனவே பிளந்துவிட்டதை ஒரே வெட்டில் திருத்த முடியாது. தரையில் படிந்திருக்கும் வெளிக்கிளை ஒன்றின் அடிப்பட்டையை லேசாகக் கீறி, மண்ணில் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்துப் பதியம் போடுங்கள். சில மாதங்களில் வேர் பிடித்துவிடும். தாயைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை வேறு இடத்தில் நடலாம். நிலத்தில் நன்றாகப் பராமரித்த அங்குஸ்டிஃபோலியா பத்து வருடம் தாண்டும். தொட்டியில் நாலைந்து வருடம் வந்தாலே எனக்குத் திருப்தி.

குளிர் முடிந்தது, செடி செத்தது போலக் கிடக்கிறது

அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். லாவெண்டர் சோம்பேறி. மற்றதெல்லாம் பச்சைகட்டிய பிறகும் அது சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். நகத்தால் சுரண்டிப் பச்சை தெரிந்தால் வசந்தத்தின் கடைசிவரை பொறுங்கள்.

குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான் அதிகம் கொல்லும். வேர் ஊன்றிய அங்குஸ்டிஃபோலியா, வடிகால் சரியாக இருந்தால், மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போய்த் திரும்பி வரும். மேலே பனிப்போர்வை படிந்திருந்தால் இன்னும் பாதுகாப்பு. ஸ்டீகஸ் மைனஸ் 5 தாண்டினாலே தடுமாறும். டென்டாட்டாவையும் பின்னாட்டாவையும் உறைபனிக்கு முன்னால் உள்ளே கொண்டுபோய், வெளிச்சமும் குளுமையும் உள்ள இடத்தில், மாதத்தில் ஓரிரு தண்ணீரோடு வைத்திருக்க வேண்டும்.

மண் உறைந்து இளகி உறைந்து இளகும் ஊர்களில், பிந்தி நட்ட நாற்று மண்ணிலிருந்து மேலே தள்ளப்பட்டு வேர் தெரியக் கிடக்கும். பார்த்த அன்றே மண்ணுக்குள் அழுத்திவிடுங்கள். உறைபனி வருவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் கவாத்து வேண்டாம், வெட்டியதும் வரும் இளந்துளிர் அந்தப் பனியில் கருகிவிடும்.

விதை முளைக்கவில்லை

விதைக்கும் குளிர் வேண்டும். ஈரத் துணியிலோ ஈர மணலிலோ பொதிந்து குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துவிட்டுப் பிறகு விதையுங்கள். மண்ணுக்குள் புதைக்காதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். 18 முதல் 21 டிகிரியில் இரண்டு வாரத்தில் தொடங்கி ஒரு மாதம்வரை ஒவ்வொன்றாக வரும். லாவண்டின் விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்தக் கலப்பினம் மலடு, விதை கட்டாது.

உள்ளதைச் சொன்னால், எனக்கு விதையில் பொறுமை இல்லை. பூக்காத இளங்கிளையில் எட்டு பத்து செ.மீ. நீளத்துக்குக் குச்சி வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, பெர்லைட் பாதி, தேங்காய் நார்த்தூள் பாதி கலந்ததில் செருகிவைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடித்து நிற்கும், அதுதான் அடையாளம். தாய்ச்செடியின் அதே குணம் அப்படியே வரும். எந்தச் செடிக்கு எப்போது என்ன ஆகுமோ என்று வருடத்துக்கு ஐந்தாறு குச்சி போட்டுவிடுவேன். வேரழுகல் வந்த செடியாக இருந்தாலும், நோயே படாத பக்கத்தின் உச்சிக் கிளைகளிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

சின்னச் சின்னக் குறைகள்

இலை நுனி கருகி, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. நல்ல தண்ணீரை அடியில் ஓடும்வரை ஊற்றி அலசிவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சுட்டு வேரை வேகவைக்கும். அதை அப்படியே ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். 35 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் பிற்பகல் நிழல் கிடைத்தால் குற்றமில்லை.

தண்டுக்கணுவில் எச்சில் போல நுரை இருந்தால் உள்ளே ஒரு சின்னப் பூச்சி இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிவிட்டால் தீர்ந்தது. அசுவினிக்கும் அதே வைத்தியம். வறண்ட அறைக்குள் இலை மங்கி, புள்ளி விழுந்து, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைக் கழுவி வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். பளபளவென்று பச்சையும் ஊதாவும் கோடு போட்ட வண்டு இலையைக் கடித்தால் அது ரோஸ்மேரி வண்டு, கையால் பொறுக்கிவிடலாம். பூத்திருக்கும்போது எதையும் தெளிக்காதீர்கள், செடி முழுக்கத் தேனீ இருக்கும்.

வாசனையே வரவில்லை

நிழல், அதிகத் தண்ணீர், அதிக உரம்: மூன்றில் ஒன்று. இலையிலும் பூவின் புல்லிவட்டத்திலும் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் இருக்கிறது. செடி வெயிலில் கொஞ்சம் வாடி வதங்கி வளர்ந்தால்தான் அது நன்றாகச் சேரும். சில வேளை குறை செடியில் இருக்காது, அறுக்கும் நேரத்தில் இருக்கும். கதிரின் பூக்கள் எல்லாம் விரிந்து முடியும்வரை காத்திருந்தால் மணம் போய்விடும். கதிரில் ஒன்றிரண்டு பூ மட்டும் விரிந்து மற்றவை நிறமேறிய மொட்டாக இருக்கும் நாளில், காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் அறுங்கள். விரல் பருமனுக்குச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் காம்பை வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது, உதிர்த்துக்கொள்ளலாம்.